காதில் ஓட்டை இல்லாதவர்கள்

மார்ச் 3

வாண்டு,

உன் காதில் ஓட்டை கிடையாது. எப்போதும் இருந்ததில்லை.

கடிதத்தை நீ கிழித்துப் போட்டாலும் முதல் வரி கண்ணில் பட்டுவிடும். அதனால் அதை முதலிலேயே எழுதிவிட்டேன். ஒன்பது நாளாக உனக்குப் போன் அடித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று உன் அறைத்தோழி எடுத்து, "ஆன்ட்டி, அவ பேச மாட்டாளாம். வேணும்னா எழுதச் சொன்னா, படிக்கிறாளாம்" என்றாள். பின்னால் நீ இருமுவது கேட்டது. இன்னும் அந்தச் சளி விடவில்லையா?

உனக்குப் பன்னிரண்டு வயது. சளிக்கு மருந்து வாங்க எங்கள் மருத்துவமனைக்கே கூட்டிப்போனேன். டாக்டர் காதைப் பார்த்துவிட்டு உன்னை வெளியே அனுப்பினார், என்னிடம் "நல்லா இருக்கு" என்றார். நீ வெளியே பெஞ்சில் இருந்தாய். கதவைச் சாத்திக்கொண்டு வந்து, வராந்தாவில் வைத்து, காதுச் சவ்வில் ஓட்டை, தண்ணீரே போகக் கூடாதாம் என்று உன்னிடம் சொல்லி, நான்தான் ஓட்டை போட்டேன். போன மாதம் உன் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, "யாருங்க சொன்னது ஓட்டைன்னு?" என்று கேட்டதாகப் போனில் சொல்லிவிட்டு வைத்தாயே, அவருக்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் நீ கொடுத்தே ஆக வேண்டியதாகிவிடும், அதுவும் ஒரு வகை அதிகாரம். அதனால் வேறு ஒன்று செய்திருக்கிறேன். சிரிக்காதே. பாய்மரப் படகு ஓட்டுகிற வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய ஏரியில், ஆறு ஞாயிற்றுக்கிழமை, முற்றிலும் புதியவர்களுக்கான வகுப்பு. நேற்றுதான் முதல் நாள்.

மொத்தம் நான்கு பேர். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, ஒரு பல் டாக்டர், நான். சொல்லித் தருகிறவள் உன்னைவிட நாலைந்து வயது பெரியவள். கழுத்தில் விசில் தொங்கும். நாங்கள் அவளை விசில் டீச்சர் என்கிறோம். "எனக்கு நீச்சல் தெரியாதும்மா" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "லைஃப் ஜாக்கெட் இருக்கு. தலை நனைஞ்சா அலறக் கூடாது, அவ்வளவுதான்" என்றாள். தலை நனைவது எப்போது என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

கரையிலேயே படகை நிறுத்தி வைத்து, "ஷீட்டை இழுங்க" என்றாள். நான் எழுந்து பாயைப் பிடித்து இழுத்தேன். "அது பாய். ஷீட்னா இந்தக் கயிறு." இருபத்தெட்டு வருஷமாக மருத்துவமனைச் சலவைப் பிரிவில் நாளொன்றுக்கு நானூறு ஷீட் எண்ணி அனுப்புகிறவளிடம் கயிற்றைக் காட்டி ஷீட் என்றால் என்ன செய்வது? ஆனால் வகுப்பு முடிந்து பாயை மடிக்கச் சொன்னபோது, பல் டாக்டர் ஒரு முனையில் நான் ஒரு முனையில், மடிப்பு கலையாமல் கத்தி போல் மடித்துக் கொடுத்தேன். விசில் டீச்சர் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டாள்.

இருமலுக்கு ஏதாவது எடுத்துக்கொள்.

அம்மா


மார்ச் 7

அம்மா,

முழுவதும் படித்தேன்.

அந்த டாக்டருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று தெரிய வேண்டுமா? "அம்மா சொன்னாங்க" என்றேன். முப்பத்திரண்டு வயதில். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டு எழுதினார்.

இருபது வருடம் தினமும் குளிக்கும் முன் காதில் பஞ்சு வைத்திருக்கிறேன். மழை வந்தால் எல்லோரும் நனைவார்கள், நான் ஓடுவேன். பள்ளி நீச்சல் குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் துண்டைப் பிடித்துக்கொண்டிருப்பேன். கல்லூரிச் சுற்றுலாவில் எல்லோரும் கடலில் இறங்கியபோது பைகளுக்குக் காவல் நான். அதற்கெல்லாம் முன்னால், எங்கள் பள்ளிக்கூடத்தில் நீச்சல் போட்டிக்குத் தேர்வானவர்கள் ஆறு பேர். அவர்களில் ஒருத்தி நான். இதை நீ மறந்திருக்க மாட்டாய்.

இப்போது நீ போய்ப் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டால் எல்லாம் நேராகிவிடுமா? எனக்கு மறுத்ததை நீ அனுபவிப்பதற்குப் பெயர் பரிகாரமா?

ஏன் செய்தாய் என்று மட்டும் எழுது. பல் டாக்டர் கதையெல்லாம் வேண்டாம்.

மகள்

பின்குறிப்பு: அந்தக் கயிறு உன் கைக்கு வருமுன் எத்தனை கப்பியைச் சுற்றி வருகிறது? ஒன்றுதான் என்றால் உன் தோள்பட்டை போய்விடும். கையுறை போடு. இது அக்கறை இல்லை, தொழில். நாள் முழுக்க லிப்ட் கயிறு பார்க்கிறவளுக்கு வாய் சும்மா இருக்காது.


மார்ச் 10

வாண்டு,

கப்பி மூன்று. எண்ணிப் பார்த்துவிட்டேன். கையுறை வாங்கிவிட்டேன்.

ஏன் என்று கேட்டாய். போட்டிக்கு அனுப்பச் சம்மதம் என்று கையெழுத்துப் போட உன் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு குளத்தின் கம்பி வேலியோரம் நின்றேன். நீங்கள் ஆறு பேரும் ஒன்றாக மூழ்கினீர்கள். ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். ஐந்து தலை தெரிந்தது. உன் தலை தெரியவில்லை. நான் எண்ண ஆரம்பித்தேன். இருபத்து மூன்று வரை எண்ணினேன். அப்புறம் நீ எதிர்க்கரையில் எழுந்து, எல்லோரையும் ஜெயித்துவிட்டதாகக் கையைத் தூக்கிச் சிரித்தாய்.

உன் அப்பா காய்ச்சலில் போய் அப்போது எட்டு மாதம். நான் கையெழுத்துப் போடாமலே திரும்பினேன். படிவம் என் பையிலேயே வீட்டுக்கு வந்தது.

"பயமா இருக்கு" என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ பேசிப் பேசியே என்னைக் கரைத்திருப்பாய். உன் வாய்க்கு முன்னால் என்னால் நிற்க முடியாது. காதில் ஓட்டை என்றால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது, இல்லையா? ஒரு வாரத்துக்கு என்று சொன்ன பொய். அப்புறம் அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

இதுதான். இதற்கு மேல் நியாயம் எதுவும் என்னிடம் இல்லை.

நேற்று முதல்முறை படகைத் தண்ணீரில் இறக்கினோம். பின்னால் சுக்கான் இருக்கிறது. அதன் பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகிறது. எனக்கு அது பழகவே இல்லை. ஒரே நாணல் புதரில் மூன்று முறை போய்ச் செருகினேன். மூன்றாவது முறை அங்கிருந்த நாரைகூட எழுந்திருக்கவில்லை. விசில் டீச்சர் ஒன்று சொன்னாள்: "பயமா இருந்தா கயித்தை விட்டுடுங்க. பாய் படபடன்னு அடிக்கும், படகு தானா நிக்கும். இறுக்கிப் பிடிச்சாத்தான் கவிழும்."

நான்காவது முறை நாணலைத் தாண்டினேன். ஒரு நிமிடம் இருக்கும். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல் இருந்தது. எஞ்சின் இல்லை, சத்தம் இல்லை, நான் உட்கார்ந்திருக்கிறேன், கரை நகர்கிறது. இது எவ்வளவு நன்றாக இருந்தது என்பதை உன்னிடம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அம்மா


மார்ச் 14

அம்மா,

இறுக்கிப் பிடித்தால் கவிழும் என்பதை இருபது வருடம் முன்னால் யாராவது உனக்குச் சொல்லியிருக்கலாம்.

நான் பேசிக் கரைத்திருப்பேன் என்பது உண்மை. நீ கரைந்திருப்பாய் என்பதும் உண்மை. அதற்குத்தான் அப்படி ஒரு பொய் தேவைப்பட்டது. படித்துவிட்டு ஒரு மணி நேரம் உன்மேல் கோபமாக இருந்தேன். பிறகு அந்த ஐந்து தலைகளை நினைத்தேன். பிறகு மறுபடியும் கோபம். இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத முடியும்.

மூன்று கப்பி என்றால் பரவாயில்லை.

மகள்


மார்ச் 24

வாண்டு,

போன வாரம் எழுதவில்லை. சலவைப் பிரிவில் ஒரு இயந்திரம் நின்றுவிட்டது, வேலை முதுகை முறித்துவிட்டது.

நேற்று நான்காவது வகுப்பு. வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, தண்ணீரில் விழுந்து, அதை மறுபடியும் நிமிர்த்தும் பயிற்சி. அதைச் செய்யாதவர்களைக் கடைசித் தேர்வுக்கு விட மாட்டார்களாம். ஆனால் நேற்றுக் காற்று சரியில்லை, எனக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் இந்த வயதில் எனக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஏரிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் வீட்டு வேலைக்கு இருக்கிறது. அந்த ஜோடியும் பல் டாக்டரும் நல்ல மனிதர்கள். அவர்களோடு இரண்டு மூன்று வாரம் பழகியதே போதும். பாய் மடிக்கத் தெரிந்துகொண்டேன். படகு நகர்வதைப் பார்த்துவிட்டேன். இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

இருமல் நின்றதா?

அம்மா


மார்ச் 26

அம்மா,

காற்று சரியில்லையா? நல்லது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் ஒரு கட்டடத்தில், லிப்டின் கூரை மேல் உட்கார்ந்து கயிற்றில் பிரி விட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. உன் விசில் டீச்சர். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள் என்று என் எண்ணைக் கொடுத்திருக்கிறாய்.

அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா கவிழ்க்கிற பயிற்சிக்கு வந்துட்டு, பாய்மரத்தைக் கட்டிப் பிடிச்சு உக்காந்துட்டாங்க. மத்த மூணு பேரும் முடிச்சிட்டாங்க. கேட்டா, காதுல ஓட்டை இருக்கு, தண்ணி போகக் கூடாதுன்னு சொல்றாங்க. படிவத்துல அப்படி எதுவும் எழுதலையே. நிஜமாவே இருக்கா? இருந்தா நான் அவங்களை இறக்க முடியாது, வகுப்பையே நிறுத்தணும்."

அம்மா, நான் சிரித்தேன். பத்தாவது மாடியில், இருட்டுக் குழிக்குள், தனியாக. என் உதவியாள் கீழேயிருந்து "மேடம், என்னாச்சு?" என்று கத்தினார். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது.

இப்போது ஒன்று சொல்கிறேன், கேள். உடனே பதில் சொல்லவில்லை நான். ஐம்பத்தாறு வயது, நீச்சல் தெரியாது, ஏரி. நீ படகுக்கு அடியில் மாட்டிக்கொண்டு மேலே வராதது போல் ஒரு காட்சி கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. "ஆமா, ஓட்டை இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீ கரையில் பத்திரமாக இருப்பாய். உனக்கும் அதுதான் வேண்டும். யாருக்கும் தெரியாது. வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அந்தக் கம்பி வேலியோரம் நீ எப்படி நின்றிருப்பாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தெரிந்தது என்றுதான் சொல்கிறேன். சரியென்று சொல்லவில்லை.

டீச்சரிடம் சொன்னேன்: "எங்க வீட்டுல யாருக்கும் காதுல ஓட்டை கிடையாது. அவங்களுக்குப் பயம், அவ்வளவுதான். அவங்க பயத்தை அவங்களே பாத்துப்பாங்க. நிறுத்தாதீங்க."

ஆகவே நிறுத்த முடியாது. வழியை நான் அடைத்துவிட்டேன்.

இனி வேலை. பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பு. முகத்தை முழுக்க உள்ளே வைத்து எண்ணு. முதல் நாள் ஐந்து, அடுத்த நாள் எட்டு. மூக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை விடு, தண்ணீர் ஏறாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் இருபதைத் தொடு.

மகள்


மார்ச் 31

வாண்டு,

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. முதல்முறையாக, உடம்பு சரியில்லை என்று சொல்லாமல், "இன்னைக்கு மனசு சரியில்லை" என்று உண்மையைச் சொல்லி லீவு கேட்டேன். மேலாளர் என்ன சொல்வது என்று தெரியாமல் கொடுத்துவிட்டார்.

வாளி. முதல் நாள் மூன்றில் எழுந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு. சனிக்கிழமை இருபத்தாறு. எழுந்து மூச்சு வாங்கியபோதுதான், அன்று வேலியோரம் நான் எண்ணியதைவிட மூன்று அதிகம் என்று உறைத்தது. அத்தனை நேரம் தண்ணீருக்குள் ஒன்றுமே ஆகாது என்று அந்த வயதிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிய இத்தனை வருஷம் ஆயிற்று.

நேற்று ஏரிக்குப் போனதும் நேராக விசில் டீச்சரிடம் போய், "காது நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்லிட்டேன்" என்றேன். "தெரியும்மா. உங்க பொண்ணு சொன்னாங்க. ஏறுங்க" என்றாள். வேறு பேச்சே இல்லை.

நடு ஏரி. அவள் மோட்டார் படகில் பத்தடி தள்ளி. நான் கயிற்றை இறுக்கி இழுத்தேன், படகு சாய்ந்தது, இன்னும் இழுத்தேன். ஒரு நொடி எல்லாம் அப்படியே நின்றது. அப்புறம் பச்சை. பச்சை நிறத்தைத் தவிர ஒன்றும் இல்லை. மூக்கில் மூச்சை விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுமுன் ஜாக்கெட் என்னைக் கார்க் போல மேலே கொண்டு வந்துவிட்டது. காது முழுக்கத் தண்ணீர். நான் அலறவில்லை. கரையில் பல் டாக்டர்தான் அலறினார்.

படகு பக்கவாட்டில் கிடந்தது, பாய் தண்ணீர்மேல் விரித்த போர்வை மாதிரி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடிப்பக்கம் சுற்றி வந்தேன். படகின் அடியிலிருந்து ஒரு பலகை அலமாரித் தட்டு போல நீட்டிக்கொண்டிருக்கும். அதில் தொங்கினேன். அசையவில்லை. முழங்காலை வைத்து ஏறினேன், வழுக்கினேன், மறுபடி ஏறி நின்றேன். "சாயுங்க, பின்னாடி சாயுங்க" என்று அவள் கத்தினாள். முழு உடம்பையும் பின்னால் கொடுத்தேன். பாய்மரம் மெதுவாக, மிக மெதுவாகத் தண்ணீரிலிருந்து எழுந்தது வாண்டு. பாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. படகு நிமிர்ந்தது.

உள்ளே ஏறுவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஈரத்துணி மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றுவது எனக்கு இருபத்தெட்டு வருஷப் பழக்கம். இம்முறை மூட்டை நானே. முழங்கை, மார்பு, உருட்டு. ஏறிவிட்டேன். ஏறிப் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சிரித்தேன். "இன்னொரு தடவை பண்ணணுமா?" என்றாள் அவள். ஒரு தடவை போதுமாம், விதிப்படி. நான் இன்னும் இரண்டு தடவை கவிழ்த்தேன்.

அம்மா


ஏப்ரல் 3

அம்மா,

கடிதத்தை வேலை செய்யும் இடத்தில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். உதவியாள் கை தட்டினார். "உங்கம்மாவா மேடம்?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம், எங்கம்மாதான் என்றேன். இரண்டு முறையும்.

இங்கே ஒரு உள்ளரங்க நீச்சல் குளம் இருக்கிறது. பெரியவர்களுக்குக் காலை வகுப்பு. மூன்று நாளாகப் போகிறேன். பஞ்சு இல்லாமல் தலையை உள்ளே விட்டபோது தண்ணீருக்குள் ஒரு சத்தம் கேட்டது, தூரத்தில் யாரோ பேசுவது போல. இருபது வருடமாகக் கேட்காத சத்தம். உடம்பு எதையும் மறக்கவில்லை. கை தானாகப் போகிறது.

ஞாயிறு உன் தேர்வு. வர முடியாது, ஒரு லிப்டுக்கு அன்று பாரச் சோதனை. காற்று எந்தப் பக்கம் என்று முதலில் பார். அப்புறம்தான் கயிறு.

மகள்


ஏப்ரல் 7

வாண்டு,

மூன்று மிதவைகள், முக்கோணமாக. தனியாகப் படகில் ஒரு சுற்று வர வேண்டும். காலையிலிருந்தே காற்று பலம். ஜோடியில் கணவர் முதல் மிதவையோடு திரும்பிவிட்டார். மனைவி சுற்றி வந்துவிட்டாள். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், தான் ஜெயித்தது போல் அப்படி ஒரு பெருமை. பல் டாக்டர் அடுத்த வாரம் போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். "உங்க இஷ்டம்மா. இன்னைக்கு வேணாம்னா நானும் தப்பு சொல்ல மாட்டேன்" என்றாள் விசில் டீச்சர். நான் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன். ஏறினேன்.

முதல் மிதவை, காற்றுக்கு எதிரே. நேராகப் போக முடியாது. இப்படி ஒரு கோடு, அப்படி ஒரு கோடு என்று தையல் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் குனிந்து மறுபக்கம் மாற வேண்டும். ஏழு தையலில் சுற்றினேன்.

இரண்டாவது மிதவையில் திரும்பும்போது காற்று ஒரு வீச்சு வீசியது. இது பயிற்சி இல்லை. கவிழ்ந்துவிட்டது. நான் எழுந்தபோது மீட்புப் படகு எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு என்னை நோக்கி வருகிறது. அது வந்து தொட்டுவிட்டால் தேர்வு முடிந்தது. கையைத் தூக்கி, வேண்டாம் என்று ஆட்டினேன். எஞ்சின் நின்றது. சுற்றி வந்தேன், பலகையில் ஏறினேன், பின்னால் சாய்ந்தேன். நிமிர்ந்தது. உருண்டு உள்ளே விழுந்தேன், கயிற்றைப் பிடித்தேன்.

மூன்றாவது மிதவையிலிருந்து கரைக்குக் காற்று சாதகம். வாண்டு, நான் பறந்தேன். படகு ஒருபக்கம் தூக்கிக்கொள்ள, நான் விளிம்பில் உட்கார்ந்து வெளியே சாய்ந்து, தண்ணீர் முகத்தில் அறைய, வாய்க்கு வந்ததைப் பாடிக்கொண்டு வந்தேன். கரையில் இருந்த மூன்று பேரும் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றுவிட்டார்கள். விசில் டீச்சர் விசில் அடிக்கவில்லை. படகின் முனையைப் பிடித்துக்கொண்டு, "பாஸ்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த மாதம் இரண்டு பேர் ஓட்டும் படகு, அடுத்த நிலை வகுப்பு. சேர்ந்துவிட்டேன். படிவத்தில் கூட வருகிற ஆள் என்று ஒரு கட்டம். பல் டாக்டர் ஆசையாகப் பார்த்தார். நான் ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நீ வருவாய் என்று சொல்லவில்லை. காலியாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அம்மா


ஏப்ரல் 10

அம்மா,

நேற்று குளத்தின் முழு நீளத்தையும் நிற்காமல் நீந்தினேன். எழுந்ததும் கையைத் தூக்கினேன். யாரும் பார்க்கவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

மே முழுக்க ஞாயிற்றுக்கிழமை வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை மாலை வண்டியில் வந்து சேர்வேன். ஸ்டேஷனுக்கு வராதே, வீட்டில் இரு, நானே வருகிறேன்.

பல் டாக்டரிடம் வேறு ஆள் பார்க்கச் சொல். கட்டத்தில் என் பெயரை எழுது. சுக்கானை நான்தான் பிடிப்பேன், நீ பாயைப் பார்த்துக்கொள்.

மகள்